கார் றேஸ் கேம் ஸ்டியரிங் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறை மேசையில் முதன்முதல் ஒரு கேம் ஸ்டியரிங்கைப் பூட்டி ஏழு வருடமாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மாற்றியாயிற்று. இப்போது தெரிந்த பெடியள், அவர்களுடைய தகப்பன்மார், வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்ப நினைக்கும் மாமாமார் என்று எல்லோரும் போன் எடுக்கிறார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய்த்தான் இங்கே எழுதிவைக்கிறேன். "எது நல்ல ஸ்டியரிங்?" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் மேசை ஆடுமா?" என்பதுதான். காரணம் கீழே வரும்.

கீபோர்ட்டிலேயே ஓட்டலாமே, ஸ்டியரிங் எதற்கு?

ஓட்டலாம். ஆனால் கீபோர்ட்டுக்குத் தெரிந்த சங்கதி இரண்டே இரண்டு: அழுத்தியிருக்கிறது, அழுத்தவில்லை. கால்வாசி திருப்பு, கொஞ்சமாகப் பிரேக் பிடி என்பதெல்லாம் அதற்கு விளங்காது. இடையில் கேம் நின்று ஊகித்து மென்மையாக்கிக் கொடுக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து விரலால் ஆட்டும் கேம்பேட் அதைவிடக் கொஞ்சம் மேல். என்றாலும் அந்தச் சின்னக் குச்சி அசையும் துளி இடத்துக்குள் ஒரு காரின் முழுத் திருப்பத்தையும் அடக்க வேண்டும்.

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 நின்றது. பவர் ஸ்டியரிங் என்ற பேச்சே இல்லாத காலத்துக் கார். நின்ற இடத்தில் திருப்புவதென்றால் தோள் கழன்றுவிடும். ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் வீதியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் அந்த வளையம் கைக்குச் சொல்லும். ஒழுங்கை மணலில் முன்சில்லு ஏறிப் பிடி விட்டால், கண் காண முதலே ஸ்டியரிங் இலேசாகிவிடும். இப்போதைய கார்களில் பவர் ஸ்டியரிங் இந்தப் பேச்சைப் பாதியாக்கிவிட்டது. நல்ல கேம் ஸ்டியரிங் செய்ய வேண்டிய வேலை அந்த ஒஸ்ரின் செய்ததுதான். முன்சில்லு வழுக்குவதைத் திரையில் பார்த்து அறிவதற்குள் கார் சுவரில் போய் முட்டிவிடும். கையில் அறிந்தால் தப்பலாம்.

பெட்டியில் ‘வைப்ரேஷன்’ என்று போட்டிருக்கிறது, விலையும் குறைவு. வாங்கலாமா?

கூடுதலான ஆட்கள் ஏமாறும் இடம் இது. நானும் ஏமாந்தேன். அதிர்வு வேறு, ஃபோர்ஸ் ஃபீட்பேக் வேறு. அதிர்வு என்பது சத்தத்தை நிறுத்திவைத்த போன் மேசையில் கிடந்து நடுங்குவது மாதிரி. உள்ளே ஒரு சின்ன மோட்டர் ஒரு பாரத்தைச் சுழற்றும், அவ்வளவுதான். அந்த வகையில் ஸ்டியரிங்கை நடுவுக்கு இழுப்பது ஒரு ஸ்பிரிங் அல்லது இறப்பர் கயிறு. கார் 20இல் போனாலும் 200இல் போனாலும், பனியில் வழுக்கினாலும், அந்த இறப்பர் ஒரே மாதிரித்தான் இழுக்கும்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் முன்சில்லுக்கு வரும் விசையைக் கேம் கணக்கிட்டு ஒரு செக்கனுக்குப் பல தடவை மோட்டருக்கு அனுப்புகிறது. மோட்டர் உங்கள் கைக்கு எதிராகத் திருப்புகிறது, அல்லது திடீரென்று விட்டுவிடுகிறது. அந்த விட்டுவிடுதலுக்காகத்தான் காசு கொடுக்கிறோம்.

ஒரே கொம்பனி இரண்டு வகையும் செய்யும். பிஎக்ஸ்என் வி9க்கு 900 பாகை திருப்பமும் மூன்று பெடலும் கியர் லீவரும் உண்டு, ஆனால் அதிர்வு மட்டும்தான். அவர்களுடைய வி10இல்தான் ஃபோர்ஸ் ஃபீட்பேக் வருகிறது. படத்தைப் பார்த்து வாங்கினால் பிடிபடாது.

என்னுடைய முதல் ஸ்டியரிங் (பெயர் வேண்டாம்) மூன்றாம் மாதம் ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பாவாடைக்குப் போடும் இலாஸ்ரிக் மாதிரி ஒன்று அறுந்து கிடந்தது. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கட்டினேன். முன்னரைவிட நன்றாக வேலை செய்தது என்பதுதான் வெட்கக்கேடு.

ஏழெட்டு வயதுப் பிள்ளை பொழுதுபோக்குக்குத் திருப்ப என்றால் அதிர்வு ஸ்டியரிங் போதும். வேறு யாருக்கென்றாலும், புதிய அதிர்வு ஸ்டியரிங்கைவிடப் பழைய ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டியரிங்கே மேல்.

கியர், பெல்ட், டைரக்ட் டிரைவ் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

மோட்டரின் பலம் வளையத்துக்கு எந்த வழியாக வந்து சேருகிறது என்பதுதான்.

கியர் வகை என்றால் லொஜிடெக் ஜி29, ஜி920, ஜி923. உள்ளே மோட்டர்கள் பற்சில்லுகளைச் சுழற்றி வளையத்தைத் திருப்பும். கரடுமுரடான வீதியில் ‘கட கட’ என்று பற்கள் அடிபடும் சத்தம் வரும். நடுவில் கொஞ்சம் தொய்வும் இருக்கும். ஆனால் கழுதை மாதிரி உழைக்கும். ஜி29 வந்தது 2015இல். இன்றைக்கும் பழைய சாமானாக அதிகம் கைமாறுவது இதுதான், அதனால் உதிரிப்பாகமும் திருத்திய அனுபவமும் எங்கும் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

பெல்ட் வகைக்கு உதாரணம் துரஸ்ட்மாஸ்டர் டி300. பட்டியால் இழுப்பதால் வழவழப்பாக, சத்தமில்லாமல் இருக்கும். அதே கொம்பனியின் டி150, டிஎம்எக்ஸ், டி248 ஆகியவை பாதி பெல்ட், பாதி கியர். இந்த வகையில் எனக்குள்ள ஒரே மனக்குறை சூடு. சித்திரை மாதப் பகல், மின்விசிறி மட்டும் ஓடும் அறை, ஒரு மணித்தியாலம் விடாமல் ஓட்டினால் உள்ளே விசிறி இரையத் தொடங்கும், பலமும் கொஞ்சம் இறங்கும். இரவில் அந்தப் பிரச்சினை இல்லை.

டைரக்ட் டிரைவில் இடையில் எதுவுமே இல்லை. மோட்டரின் அச்சிலேயே வளையம். ஒரு காலத்தில் பணக்காரர் சாமான். 2021இல் ஃபனடெக் என்ற கொம்பனி தன்னுடைய சிஎஸ்எல் டிடியை ஏறத்தாழ 350 டொலருக்கு விட்ட பிறகு நிலைமை மாறியது. அந்த விலை மோட்டர்ப் பெட்டிக்கு மட்டும். வளையமும் பெடலும் தனித்தனிக் காசு. பிறகு சீனக் கொம்பனிகள் புகுந்தன. மோசாவின் ஆர்3, ஆர்5, ஆர்9, காமசின் சி5 எல்லாம் அப்படி வந்தவை. ஃபனடெக்கின் தாய்க் கொம்பனி 2024இல் வங்குரோத்துக்குப் போய், கோர்சேர் என்ற கொம்பனி அதை வாங்கியது. அந்தச் செய்தி வந்த வாரம் என் நண்பன் ஒருவன் தன்னுடைய ஃபனடெக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தான்.

கையில் காசு இருந்தால் டைரக்ட் டிரைவ்தான். இல்லையென்றால் பழைய ஜி29. இரண்டுக்கும் இடையில் உள்ளவற்றைப் புதிதாக வாங்கி அரைமனதோடு இருந்தவர்களைத்தான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன்.

எத்தனை நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும்?

நியூட்டன் மீட்டர் என்பது முறுக்கு விசையின் அளவு. இப்படி யோசியுங்கள்: நடுவிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு கிலோ சீனிப் பையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு, ஏறத்தாழ ஒரு நியூட்டன் மீட்டர்.

ஜி29 இரண்டு சொச்சம். வளையத்தின் விளிம்பில் ஒன்றரைக் கிலோவை எதிர்த்துத் திருப்புகிற மாதிரி. டி300 நான்குக்குக் கிட்ட. மோசா ஆர்5 ஐந்தரை. சிஎஸ்எல் டிடி ஐந்து, பெரிய மின்வழங்கி போட்டால் எட்டு. எட்டு என்றால் விளிம்பில் ஐந்தரை, ஆறு கிலோ. ஒரு மணித்தியாலம் ஓட்டினால் முன்கை வலிக்கும்.

ஐந்து போதும். அதற்கு மேல் வாங்குவது பலத்துக்காக என்று நினைக்க வேண்டாம். பெரிய மோட்டரைப் பாதிப் பலத்தில் ஓட்டினால் சின்ன அசைவும் பெரிய அடியும் தனித்தனியாகத் தெரியும், அதற்காகத்தான். அதோடு எட்டுக்கு மேல் போனால் ஆபத்தும் உண்டு. கார் சுவரில் அடிக்கும்போது வளையம் வெடுக்கென்று திரும்பும். பெருவிரலைக் கம்பிக்குள் கொழுவிப் பிடித்திருந்தால் சுளுக்கிவிடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பலத்தைக் குறைத்து வையுங்கள். கியர், பெல்ட் வகைகளில் கரண்ட் போட்டதும் ஸ்டியரிங் தானாக இடம் வலம் சுற்றி நடுவைத் தேடும், அப்போது யாரும் கை வைக்கக் கூடாது.

900 பாகை கட்டாயமா?

900 பாகை என்றால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டரைச் சுற்று. சாதாரணக் கார் அவ்வளவுதான். ஃபோர்மியூலா கார்களுக்கு ஒரு சுற்றுப் போதும். ட்ரக்குக்கு அதைவிடக் கூட வேண்டும், ஆனால் 900இல் சமாளிக்கலாம். 900 வாங்கினால் கேம் ஒவ்வொரு காருக்கும் ஏற்றபடி குறைத்துக்கொள்ளும். 270 வாங்கினால் கூட்ட வழியில்லை.

பெடல் எல்லாம் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. நேரத்தைக் குறைப்பது கை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கால், அதுவும் பிரேக் பிடிக்கும் கால்.

மலிவான பெடலில் ஒரு மின்தடைச் சில்லு இருக்கும், பழைய ரேடியோவின் சத்தத்தைக் கூட்டும் குமிழ் மாதிரி. பெடல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அது அளக்கும். உண்மையான காரில் பிரேக் பெடல் அவ்வளவு தூரம் போகாது. எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதுதான் கணக்கு. காலுக்குத் தூரத்தைவிடப் பலம்தான் நன்றாக நினைவிருக்கும். லோட் செல் பெடல் அளப்பது அந்தப் பலத்தை. துரஸ்ட்மாஸ்டரின் டி எல்சிஎம், மோசாவின் எஸ்ஆர்பி எல்லாம் லோட் செல். ஃபனடெக்கின் சிஎஸ்எல் பெடலுக்கு லோட் செல் பிரேக்கைப் பிறகு தனியாக வாங்கிச் சேர்க்கலாம். மோசா ஆர்5 பொதியோடு வருவது எஸ்ஆர்பி லைற், அது லோட் செல் இல்லை. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கவனம்.

காசில்லாதவருக்கு ஒரு கை வேலை. என் பழைய பெடலில் பிரேக் பழுத்த மாம்பழத்தை மிதிக்கிற மாதிரி இருந்தது. மொன்சா ஓடுபாதையின் முதல் வளைவுக்கு மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் வந்து பிரேக் பிடிக்க வேண்டும். பத்துச் சுற்றில் நாலு தரமாவது நேரே போய்விடுவேன். தேய்ந்த பாட்டா செருப்பின் குதிப்பக்கத்தை இரண்டு சென்ரிமீற்றர்த் துண்டாக வெட்டி, பெடல் தண்டுக்குப் பின்னால், ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் செருகினேன். முதல் பாதி இலேசாகப் போகும், பிறகு இறப்பர் பிடிக்கும், அதற்கு மேல் பலம்தான். பெடல் முழுத்தூரம் போகாது என்பதால் கேமில் மறுபடி அளவு திருத்த வேண்டும். அன்று மாலை பத்துச் சுற்றில் ஒரு தரம்தான் வெளியே போனேன். ஜி29இன் பிரேக்கில் கொம்பனியே ஒரு இறப்பர்க் கட்டி வைத்திருக்கிறது. சிலர் அது மிகக் கடினம் என்று கழற்றி எறிகிறார்கள். மேசையும் கதிரையும் அசைவதால்தான் அவர்களுக்கு அது கடினம்.

சரி, மேசைக் கதைக்கு வாருங்கள்.

வருகிறேன். ஸ்டியரிங் மேசையைக் கவ்விப் பிடித்துத்தான் நிற்கும். மேசை ஆடினால் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் பாதியை மேசை தின்றுவிடும். கடையில் வாங்கும் தூள்பலகைக் கொம்பியூட்டர் மேசைகள் இதற்குச் சரிவராது. கவ்வியை இறுக்க இறுக்க விளிம்பு உதிரும். கண்ணாடி மேசையைப் பற்றிப் பேசவே வேண்டாம். பழைய வீடுகளில் கிடக்கும் தேக்கு எழுத்து மேசை அருமை. மேற்பலகை மிகத் தடிப்பென்றால் கவ்வி எட்டாது, வாங்க முதல் அளந்து பாருங்கள்.

அடுத்தது கதிரை. உருளும் கதிரையில் இருந்து பிரேக் பிடித்தால் கார் நிற்காது, நீங்கள்தான் பின்னால் போவீர்கள். கை வைத்த மரக்கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பெடல் மாபிளில் வழுக்குகிறதா? பெடலுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையில் அளவாக வெட்டிய ஒரு பலகை போதும். கீழே ஒரு ஈரச்சாக்கும் போட்டுப் பார்த்தேன். ஈரம் காய்ந்ததும் மறுபடி வழுக்கியது. பலகைதான் சரி.

டைரக்ட் டிரைவ் என்றால் மேசை போதாது, ஸ்டியரிங், பெடல், இருக்கை மூன்றையும் தாங்கும் ஒரு சட்டம் அடிக்க வேண்டும். வெளிநாட்டில் அலுமினியத்தில் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். நான் கேற் அடிக்கும் ஒரு வெல்டிங் கடையில் பெட்டிக் குழாய் கொடுத்துச் செய்வித்தேன். இருக்கைக்குப் பழைய ஹையேஸ் வானின் முன் சீற். படத்தைக் கண்டதும் கடைக்கார அண்ணை, "இதென்ன தம்பி, சில்லில்லாத வண்டியா?" என்று கேட்டார். அவர் செய்து தந்தது இன்றுவரை ஒரு இழை அசையவில்லை. இரண்டு விஷயம் மட்டும் முதலே சொல்லிவிடுங்கள்: பெடல் தட்டும் ஸ்டியரிங் தட்டும் முன்பின்னாக நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும், ஸ்டியரிங்கைத் தட்டோடு பூட்டும் ஓட்டைகளை ஸ்டியரிங்கைக் கொண்டுபோய் வைத்து அளந்தே துளைக்க வேண்டும். கதையளவில் சொன்னால் ஓட்டை ஒருபோதும் பொருந்தாது.

என்னிடம் பிளேஸ்டேஷன் இருக்கிறது. எல்லாம் பொருந்துமா?

கொம்பியூட்டருக்கு ஏறக்குறைய எல்லாம் பொருந்தும். கொன்சோலுக்குப் பொருந்தாது. சொனியும் மைக்ரோசொஃப்டும் தாங்கள் அனுமதித்த ஸ்டியரிங்கைத்தான் உள்ளே விடும். ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பொக்சுக்கு, ஜி923இல் இரண்டுக்கும் தனித்தனிப் பதிப்பு. டி150 பிளேஸ்டேஷன், டிஎம்எக்ஸ் எக்ஸ்பொக்ஸ். கிரான் டூரிஸ்மோ 7 என்ற கேமை ஓட்ட ஆசையென்றால் பிளேஸ்டேஷன் தவிர வேறு வழியில்லை. வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் எந்தப் பதிப்பு என்று பெட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கியர் லீவரும் கிளச்சும் வேண்டுமா? ஓட்டப் பழகவும் உதவுமா?

அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணித்தியாலப் போட்டியில் ஓடியதைப் பார்த்துவிட்டு வந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப் மாதிரியான கார்களில் கியர் மாற்றுவது வளையத்துக்குப் பின்னால் உள்ள தட்டுகளால். அந்த வகைக் கார்தான் விருப்பமென்றால் லீவருக்குக் காசு கொட்ட வேண்டாம்.

பழைய கார், ட்ரக், றாலி என்றால் லீவர் சுகம். அதிலும் நம் நாட்டில் ஓட்டப் பழகுபவர் லீவரை மேசையின் இடப்பக்கத்தில் பூட்ட வேண்டும். நாம் வலப்பக்கம் இருந்து இடக்கையால்தானே கியர் போடுகிறோம். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்ற கேமில் இங்கிலாந்துப் பக்கம் போனால் வீதியின் இடப்பக்கம் ஓடலாம், வலப்பக்க ஸ்டியரிங் உள்ள ட்ரக்கும் எடுக்கலாம். கண்ணாடி பார்ப்பது, சுற்றுவட்டத்தில் இடம் விடுவது, பின்னால் எடுப்பது எல்லாம் பழகும். கிளச் பிடிக்கும் புள்ளி மட்டும் பழகாது, கேம் கிளச்சில் அந்த உணர்வு இல்லை. லைசன்ஸ் எடுக்க இதை நம்பிப் போகாதீர்கள்.

ஜி29இல் மூன்று பெடல் உண்டு, லீவர் தனியாக வாங்க வேண்டும். டி150இல் இரண்டே பெடல்.

"தம்பி, நான் வாற மாதம் ரொறன்ரோவிலிருந்து வருகிறேன். மருமகனுக்கு ஒன்று வாங்கி வரலாமா?"

தாராளமாக, மாமா. ஜி29இன் ஸ்டியரிங் இரண்டேகால் கிலோ, பெடல் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெட்டியைக் கழற்றினால் ஒரு சூட்கேசில் பாதிதான் பிடிக்கும். பெடலை அடியில் வைத்து, ஸ்டியரிங்கை உடுப்புக்குள் சுற்றி வையுங்கள். கொழும்பிலிருந்து வீதியால் வந்தால் பிரச்சினையில்லை. சென்னை வழியாகப் பலாலி விமான நிலையத்துக்கு வருவதென்றால் சின்ன விமானம், பொதி அளவை முதலே பாருங்கள்.

அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. அடப்டரில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் முள்ளை மாற்றினால் போதும். 120 மட்டும் என்றிருந்தால் இங்கே செருகிய கையோடு புகை வரும். டைரக்ட் டிரைவ் என்றால் நிலத்தொடுப்பு உள்ள மூன்று முள் பிளக்கில் மட்டும் கொடுங்கள். பழைய வீட்டு இரண்டு முள் துளையில் கொடுத்தால் இரும்புப் பெட்டியைத் தொடும்போது சுரீர் என்னும்.

உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் நேரடியாக எடுப்பித்தால் கப்பல் கூலியும் சுங்கமும் 18 வீத வற் வரியும் சேர்ந்து விலை எங்கேயோ போய்விடும். கொழும்பு பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசா பக்கம் ஒரு நடை நடந்து விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பழைய சாமான் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

மடிக்கணினியோடு போங்கள். அதில் லைவ் ஃபோர் ஸ்பீட் என்ற பழைய சிமுலேட்டரின் இலவச டெமோவைப் போட்டுக்கொண்டு போங்கள். எந்தப் பழைய மெஷினிலும் ஓடும், ஃபோர்ஸ் ஃபீட்பேக்கும் நன்றாக இருக்கும்.

கியர், பெல்ட் வகையென்றால் கரண்ட் கொடுத்ததும் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் போய் நடுவில் நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், அல்லது பத்து நிமிடம் ஓட்டிய பிறகு நடு நகர்ந்தால், உள்ளே திருப்பத்தை அளக்கும் தட்டில் வெடிப்பு இருக்கலாம். திருத்தலாம், ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு விண்டோஸின் கேம் கொன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து பெடல்களை மெதுவாக அழுத்துங்கள். கோடு ஒழுகும் நீர் மாதிரி ஏற வேண்டும். விட்டு விட்டுத் துடித்தால் மின்தடைச் சில்லில் அழுக்கு. மின்சாமான் திருத்தும் கடைகளில் கிடைக்கும் கொன்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்தால் பெரும்பாலும் போய்விடும். சங்கிலிக்கு அடிக்கும் எண்ணெய் அடிக்க வேண்டாம்.

குறைந்தது இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். சூடேறிய பிறகுதான் சில நோய்கள் வெளியே வரும். விற்பவர் தேநீர் தந்து கதை கொடுத்துக்கொண்டே இருந்தால் தேநீரைக் குடியுங்கள், கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காதீர்கள். அடப்டர் அதனுடையதா என்றும் பாருங்கள். ஜி29க்கு 24 வோல்ட். கைக்கு வந்த வேறொன்றைச் செருகி வைத்திருப்பார்கள்.

என் மெஷின் பழசு. எந்தக் கேம் ஓடும்?

அசெட்டோ கோர்சா 2014இல் வந்தது, இன்றும் ஸ்டியரிங் உணர்வுக்கு அதுதான் என் முதல் சிபாரிசு. பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் கேட்காது. அதன் அடுத்த படைப்பான கொம்பெட்டிட்சியோனே ஜிடி3 என்ற றேஸ் கார் வகைக்கென்றே செய்தது, அது கொஞ்சம் பலமான மெஷின் கேட்கும். ஐறேசிங் சிறப்பு, ஆனால் மாதச் சந்தா டொலரில். அந்தக் காசுக்கு லோட் செல் பெடல் சேர்க்கலாம் என்பது என் கருத்து.

வாங்கிவிட்டேன், ஆனால் எல்லாமே ஒரே கனமாக இருக்கிறது. சாமான் பிழையா?

சாமான் சரி, பலத்தை நூறில் வைத்திருப்பீர்கள். கேம் கேட்கும் விசை மோட்டரின் உச்சத்தைத் தாண்டினால் அதற்கு மேல் எல்லாம் ஒன்றாகிவிடும். இதைக் கிளிப்பிங் என்பார்கள். சின்ன ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தால் பாட்டுக் கரகரப்பது மாதிரி. அசெட்டோ கோர்சாவில் பெடல் கோடுகளைக் காட்டும் சின்னப் பெட்டியைத் திறந்து வையுங்கள். ஃபோர்ஸ் ஃபீட்பேக் கோடு நீண்ட வளைவில் சிவப்பாகவே நின்றால் கேமின் பலத்தை 70 வரை இறக்குங்கள். எப்போதாவது ஒரு பள்ளத்தில் சிவந்தால் பரவாயில்லை. கியர் ஸ்டியரிங்கில் நடுப்பகுதி செத்த மாதிரி இருந்தால் குறைந்தபட்ச விசை என்ற அமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வளையம் தானாக நடுங்கத் தொடங்கியதும் ஒரு படி இறக்குங்கள்.

கடற்காற்றுக்குப் பழுதாகுமா?

கரையோரம் என்றால் ஆணிகள் துருப்பிடிக்கும், இரும்புச் சட்டத்துக்கு நல்ல பெயின்ற் அடியுங்கள். தோல் வளையத்தில் வியர்வை ஊறி மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஓட்டி முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். நான் சைக்கிள் கையுறை போட்டுத்தான் ஓட்டுவேன்.

இதிலிருந்து உண்மையான றேசுக்குப் போன யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். கேம் ஓட்டுபவர்களிலிருந்து றேஸ் ஓட்டுநரைத் தேடிய நிசானின் ஜிடி அகாடமிப் போட்டியில் முதலாவதாக வென்ற ஸ்பெயின்காரர் லூக்காஸ் ஓர்டோனெசும் 2011இல் வென்ற பிரித்தானியர் ஜான் மார்டன்பரோவும் கேமிலிருந்து லு மான்ஸ் 24 மணித்தியாலப் போட்டி வரைக்கும் போனார்கள். இருவருக்கும் பின்னால் ஒரு பெரிய கார்க் கொம்பனியின் காசு நின்றது.

இரவில் ஓட்டினால் வீட்டில் பேசுகிறார்கள். என்ன செய்வது?

கேமின் சத்தத்துக்குக் காதில் ஹெட்ஃபோன் போடலாம். பெடல் அடிக்கும் சத்தமும் கியர் கடகடப்பும்தான் சுவரைத் தாண்டிப் போகும். சட்டத்தின் நான்கு காலுக்கும் கீழே பழைய ரயர்த் துண்டு வையுங்கள், பெடல் திரும்பி வந்து அடிக்கும் இடத்தில் ஒரு தடித்த ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாள் எழும்பி வந்து, "ஆரடா இந்த நேரம் அம்மி கொத்துறது?" என்று கேட்டா. அன்றிலிருந்து பத்து மணிக்குப் பிறகு எனக்கு ட்ரக் மட்டும்தான். இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து மெதுவாக ஒரு லோட் ஏற்றிக்கொண்டு போனால், விடிய முதல் எப்படியும் கொட்டாவி வந்துவிடும்.